சுவரிலிருந்து இறக்குமுன் பெயர்களை எழுதுங்கள்

மலேசியாவின் கேரி தீவுத் தோட்டங்களில் ஒருகாலத்தில் காற்பந்து ஆடிய மாமாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், அவர்கள் மறைந்த பிறகும் அந்தப் படங்களைக் காத்து வைத்திருக்கும் அக்காமார்களுக்கும் பிள்ளைகளுக்கும்,



உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். உங்கள் வீட்டுக் கூடத்திலோ, அலமாரிக்கு மேலே செய்தித்தாளில் சுற்றியோ, துணிப்பெட்டியின் அடியிலோ ஒரு குழுப் படம் இருக்கும். முன்வரிசையில் சிலர் மண்டியிட்டிருப்பார்கள், பின்வரிசையில் சிலர் கைகட்டி நிற்பார்கள். நடுவில் நாற்காலி போட்டுத் தோட்ட நிர்வாகி, பக்கத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி, ஓரத்தில் மருந்து கொடுக்கும் டிரஸரோ தமிழ்ப்பள்ளி வாத்தியாரோ. காலடியில் ஒரு கோப்பை, ஒரு பந்து. அந்தப் படத்தில் இருப்பவர்களின் பெயர்களை, தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

நான் தோட்ட விளையாட்டுக் காகிதங்களைச் சேர்ப்பவன். குழுப் படங்கள், போட்டி நோட்டீஸ்கள், பாஸ்போர்ட் அளவுப் படம் ஒட்டிய ஆட்டக்காரர் அட்டைகள், பரிசளிப்பு விழா அழைப்பிதழ்கள், பெயர் பொறித்த சிறு மெடல்கள். தபால்தலை சேர்ப்பவர்களும் பழைய காசு சேர்ப்பவர்களும் நம் ஊரில் நிறையப் பேர். இந்தக் காகிதங்களைச் சேர்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் உலகத்தின் இன்னொரு மூலையில், சின்ன லீக் ஆட்டக்காரர்களின் அட்டைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பது நூறாண்டுக்கும் மேலான பழக்கம். அவர்கள் கற்றுக்கொண்டது நமக்கும் வேண்டியது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் காலின்ஸ்-மக்கார்த்தி என்று ஒரு மிட்டாய்க் கம்பெனி இருந்தது. 1911 முதல் 1938 வரை அதன் சீநட் என்ற தின்பண்டத்தோடு ஒவ்வோர் ஆண்டும் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட சிறு அட்டை வந்தது. அந்த ஆட்டக்காரர்கள் பெரிய லீக்கில் ஆடியவர்கள் அல்லர். பசிபிக் கடற்கரை லீக் என்ற சின்ன லீக்கில் ஆடியவர்கள். 1958 வரை கலிபோர்னியாவில் பெரிய லீக் அணியே கிடையாது. ஆகவே அந்த ஊர் மக்களுக்கு அந்தச் சின்ன லீக்தான் லீக். அவர்கள் பார்க்கப் போனது அந்த ஆட்டத்தைத்தான், பிள்ளைகள் பின்னால் ஓடியது அந்த ஆட்டக்காரர்களின் பின்னால்தான்.

அட்டையின் அடிப்பகுதியில் ஒரு கூப்பன் இருந்தது. வெட்டிக் கொடுத்தால் பரிசு கிடைக்கும். பிள்ளைகள் வெட்டினார்கள். அதனால் இன்று கூப்பனோடு முழுசாக இருக்கும் அட்டைகள் அரிது, விலையும் அதிகம். பின்னாளில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பெரிய நட்சத்திரமான ஜோ டிமாஜியோவின் ஆரம்ப காலப் படமும் அந்த மிட்டாய் அட்டையில் இருக்கிறது. 1933-இல் அவர் சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணியில் தொடர்ந்து 61 ஆட்டங்களில் பந்தை வெற்றிகரமாக அடித்த இளைஞர். சந்தையில் விலை ஏறுவது அவர் அட்டைக்குத்தான். ஆனால் இந்த அட்டைகளை ஆழமாகச் சேர்ப்பவர்கள் தேடுவது அவரை அல்ல. ஓரிரு பருவம் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்களைத்தான் தேடுகிறார்கள். டிமாஜியோவைப் பற்றி எழுதிய புத்தகங்கள் உண்டு. அவரோடு ஆடி, ஊர் திரும்பி, வேறு வேலைக்குப் போனவனுக்கு அந்த மிட்டாய் அட்டை ஒன்றுதான் சாட்சி.

நம் ஊர்க் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். கிள்ளான் துறைமுகத்து ஆர். ஆறுமுகத்தை நமக்கெல்லாம் தெரியும். நீண்ட கைகளால் பந்தைப் பறித்ததால் ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்த கோல்கீப்பர். 1980-இல் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற காலத்து வீரர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, குழு போகவில்லை. 1988 டிசம்பரில் அவர் சாலை விபத்தில் இறந்தார். 2016-இல் வந்த ‘ஓலா போலா’ படத்தில் முத்து என்ற கோல்கீப்பர் பாத்திரத்தைப் பார்த்து அடுத்த தலைமுறையும் அவரை நினைத்துக்கொண்டது. எம். சந்திரனை 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் குழுவில் பார்க்கலாம். கே. ராஜகோபால் சிலாங்கூருக்கு ஆடியவர், 2010-இல் பயிற்றுநராக மலேசியாவுக்கு ஆசியான் கோப்பையை வாங்கித் தந்தவர். இவர்களின் பெயர்களை யாரும் மறைக்க முடியாது. நாளிதழ்களில் இருக்கின்றன, சாதனைப் பட்டியல்களில் இருக்கின்றன.

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

மாநிலக் குழுவுக்குக் கீழே மாவட்டப் போட்டி. அதற்கும் கீழே தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடக்கும் ஆட்டம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவியோ செம்பனைக் குலை வெட்டியோ, பகல் முழுக்க உழைத்துவிட்டு மாலையில் திடலில் இறங்கியவர்கள் நீங்கள். கேன்வாஸ் சப்பாத்து வாங்க முடிந்தவர்கள் சப்பாத்தோடு, முடியாதவர்கள் வெறுங்காலோடு. பந்திங்கிலிருந்தும் தெலுக் பங்ளிமா காராங்கிலிருந்தும் குழுக்கள் வரும்போது லயத்தில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. தீவின் கரையோரப் பண்டு வரை சத்தம் கேட்கும். அந்த ஆட்டங்களின் கோல் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது? தமிழ் நேசனின் ஊர்ச் செய்தியில் எப்போதாவது இரண்டு வரி வந்திருக்கலாம். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையும் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. பழைய இதழ்களைப் புரட்டினால் எந்தத் தோட்டம் வென்றது என்று வேண்டுமானால் தெரியலாம். பதினொரு பேர் யார் என்று தெரியாது. அதற்கு உங்கள் சுவரில் தொங்கும் படம் ஒன்றுதான் ஆதாரம்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் ஆணுக்கு வாழ்நாளில் எத்தனை படம் எடுத்திருப்பார்கள்? மலாயாவின் அவசரகாலத்தில், 1948-இல், அடையாள அட்டை வந்தபோது ஒரு படம். கல்யாணத்துக்கு ஒரு படம், அதுவும் ஸ்டூடியோவுக்குக் கிள்ளான் வரை போக வசதி இருந்தால். மூன்றாவது இந்தக் குழுப் படம். அடையாள அட்டைப் படத்தில் அவர் அரசாங்கத்துக்காக முகத்தைக் காட்டினார். கல்யாணப் படத்தில் குடும்பத்துக்காக நின்றார். குழுப் படத்தில் மட்டும்தான் தன் திறமைக்காக நிற்கிறார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். தோட்டத்தில் வேறெந்த இடத்திலும் அவரை அப்படி நிற்க விட்டதில்லை.

இந்தப் படங்கள் இப்போது வெளியே வரத் தொடங்கிவிட்டன. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் நடக்கும் பழைய பொருள் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பழைய காசு, இசைத்தட்டு, எனாமல் விளம்பரப் பலகை, இவற்றுக்கு நடுவில் அட்டைப்பெட்டியில் குவித்த புகைப்படங்கள். அவற்றில் தோட்டக் குழுப் படங்களும் கிடைக்கின்றன. விற்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குப்பைக்குப் போகவிருந்ததை அவர்கள்தான் எடுத்து வைக்கிறார்கள். லயத்திலிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறிய குடும்பத்துக்குப் பெரிய கண்ணாடிச் சட்டத்தை மாட்டச் சுவர் இருந்திருக்காது. பெரியவர் இறந்தபின், படத்தில் இருப்பவர்களில் அவரைத் தவிர வேறு யாரையும் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்படித்தான் படம் வீட்டை விட்டுப் போகிறது.

சந்தையில் அந்தப் படத்தைக் கையில் எடுத்து நான் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பேன். பெரும்பாலும் ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை மட்டும் இருக்கும். சில சமயம் ஆண்டு இருக்கும். பெயர்கள் இருப்பது அபூர்வம். பெயர் இல்லாத படத்தை வாங்குபவர்கள் அதைப் பழைய மலாயாவின் அழகான காட்சி என்று உணவகச் சுவரில் மாட்டுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அப்படிப்பட்ட சுவர்களைப் பார்க்கிறேன். வாழையிலைக்கு எதிரே யாரோ ஒருவருடைய அப்பா நிற்கிறார். சாப்பிட வந்த மகனுக்கே அது தெரியாமல் போகலாம் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

காகிதத்தைச் சேர்ப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கடும் மூட்டுவாத நோயாளி. மிட்டாயோடும் சிகரெட்டோடும் வந்த அட்டைகள், விளம்பரத் துண்டுகள் என்று மூன்று லட்சத்துக்கு மேல் சேர்த்து, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஆல்பத்தில் தன் கையாலேயே ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். மார்ச்சில் இறந்துபோனார். எந்த அட்டை எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று அவர் போட்ட எண்களைத்தான் இன்றும் அட்டை சேர்ப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

மற்றவர் நம்மவர். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். தமிழில் அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி நாட்டைவிட்டுக் கொண்டுபோகாமல், 1994-இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமையத் துணை நின்றது. இன்று தமிழ் வரலாறு எழுதுபவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது.

இருவருமே பெரிய பணக்காரர்களோ பேராசிரியர்களோ அல்லர். பர்டிக் காகிதத்தைச் சேர்த்ததோடு அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதையும் எழுதிவைத்துச் சென்றார். நம் படங்களுக்கு அதைச் செய்யக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே. நான் எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் இடது விங்கில் ஆடியவர் யார் என்று என்னால் சொல்ல முடியாது.

எப்படி எழுதுவது என்று சொல்லிவிடுகிறேன். படத்தின் பின்பக்கத்தில் பால்பாய்ன்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தடமாகத் தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், லேசாக எழுதுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் தனித்தாளில் எழுதிச் சட்டத்தின் பின்னால் உறையில் வையுங்கள். முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை என்று பிரித்து, இடமிருந்து வலம். அடையாள அட்டையில் உள்ள பெயர் தெரிந்தால் அதையும், தோட்டத்தில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ‘குருவி’, ‘கட்டை’ என்று ஆடிக்கொண்டிருந்தவரைப் பள்ளிப் பதிவேட்டில் தேடினால் கிடைக்க மாட்டார். பதிவேட்டுப் பெயரைச் சொன்னால் அவரோடு ஆடியவர்களுக்கே அடையாளம் தெரியாது. இரண்டும் இருந்தால்தான் ஆள் முழுசாகக் கிடைப்பார். எந்த இடத்தில் ஆடினார், என்ன வேலை செய்தார், இப்போது எங்கே என்பது தெரிந்தால் அதுவும் வேண்டும்.

முதலில் பின்வரிசையை எழுதுங்கள். நாற்காலியில் இருக்கும் துரையையும் கிராணியையும் கம்பெனிப் பதிவுகளிலாவது கண்டுபிடிக்கலாம். கோப்பையைப் பிடித்திருக்கும் கேப்டனை ஊரில் நாலு பேர் நினைவில் வைத்திருப்பார்கள். பின்வரிசையில் ஓரத்தில் நிற்பவரைத்தான் முதலில் மறக்கிறோம்.

ஆண்டு தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம். சட்டை, பலகை, கோப்பையில் உள்ள எழுத்து, எல்லாம் துப்பு கொடுக்கும். கோல்டன் ஹோப் என்று பலகையில் இருந்தால் 2007-க்கு முற்பட்ட படம். அந்த ஆண்டுதான் அது சைம் டார்பியோடு இணைந்தது. 2024-இல் சைம் டார்பி பிளான்டேஷனும் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறிவிட்டது. கம்பெனிப் பெயர்கள் நமக்குக் காலண்டர்போல உதவும். திடலின் பின்னால் நிற்பது ரப்பர் மரமா செம்பனையா என்பதைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம்.

படத்தைக் காப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரம் இந்தப் படங்களுக்குப் பெரிய எதிரி. கண்ணாடியை ஒட்டி மாட்டிய படத்தின் மேல்பூச்சு ஈரத்தில் இளகி, காய்ந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்து எடுக்கப் போனால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அன்போடுதான் செய்கிறோம், ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. பசை தடவிய அட்டையில் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்களும் வேண்டாம். அந்தப் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். அமிலமில்லாத காகித உறை நல்லது. 1970களின் வண்ணப் படங்கள் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அவசரப்பட வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளித் துகள், நெடுநாள் தாங்கும். வண்ணப் படத்தில் இருப்பது சாயம். இருட்டில் வைத்தாலும் அது மங்கும். சிவந்து போன படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

என்னைப்போல் சேர்ப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் எண்ணிக்கை சிறியது, அதனால் இப்போதே சில பழக்கங்களை வைத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்திடமிருந்து படம் வாங்கினால் பெயர்களையும் கேட்டு எழுதி வாங்குவோம். நல்ல நகல் ஒன்றை அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்போம். மாநிலத்துக்கு ஆடிய ஒருவர் இருக்கிறார் என்பதற்காக ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, மற்ற படங்களை ஓரங்கட்ட வேண்டாம். ஒரு குழுவின் அட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக விற்பதும் வேண்டாம். பதினொரு அட்டைகள் ஒன்றாக இருந்தால் அது ஒரு குழு. பிரிந்துவிட்டால் யாரோ பதினொரு பேர்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தாத்தா பேசமாட்டார் என்று சொல்வீர்கள். படத்தை அவர் மடியில் வைத்துப் பாருங்கள். வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் ‘என்னத்தைச் சொல்ல’ என்று முடித்துக்கொள்பவர்கள், இவர் யார் என்று படத்தில் விரல் வைத்துக் கேட்டால் பேச ஆரம்பிப்பார்கள். யார் வேகமாக ஓடுவார், யார் ரெஃப்ரியோடு சண்டை போடுவார், எந்தத் தோட்டத்துக்குப் போனால் நல்ல சாப்பாடு கிடைக்கும், யார் வீட்டில் சட்டைகளுக்கு நம்பர் தைத்தார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் சொல்லும் வரிசையிலேயே விட்டுவிடுங்கள், திருத்தாதீர்கள். பாட்டிமார்களையும் உட்காரவையுங்கள். ஓரத்தில் நிற்பவரின் பெயரை ஆட்டக்காரர்கள் மறந்துவிட்ட பல வேளைகளில், அவர் எந்த லயத்தில் எத்தனையாவது வீட்டில் இருந்தார், யாரைக் கட்டினார் என்று தொடங்கிப் பெயரைப் பிடித்தது பாட்டிமார்கள்தான்.

கேரி தீவு மாறிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். தீவில் பெரிய துறைமுகம் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அது வரட்டும், வேலைவாய்ப்பு வந்தால் நல்லதுதான். ஆனால் திடல் போனபின் அங்கே ஆடியவர்கள் யார் என்று கேட்டால் காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அதே தீவின் பழங்குடிகளான மா மேரி மக்கள் தங்கள் மர முகமூடிகளில் மூதாதையரைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உலகமெங்கும் இருந்து வந்து அவற்றைப் பார்க்கிறார்கள். பக்கத்துக் கிராமத்தில் அப்படி ஒரு மக்கள் வாழும் தீவில் நாம் நம் ஆட்களின் பெயரைக்கூட எழுதாமல் விடலாமா?

வரும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தீவுக்குத் திரும்புவீர்கள் அல்லவா? வெளியூரில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடுவது அப்போதுதான். கோயில் நிர்வாகத்தார் இடம் தந்தால் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு ஸ்கேனரோடு உட்கார்ந்திருப்பேன். சட்டத்தோடு கொண்டுவாருங்கள், துடைக்கக்கூட வேண்டாம். உங்கள் கண்முன்னாலேயே ஸ்கேன் செய்து அப்போதே கையில் திருப்பித் தருவேன். எந்தப் படத்தையும் வாங்கிக்கொள்ள மாட்டேன், விலை பேசவும் மாட்டேன். பெரிய அளவில் நகல் எடுத்து மேசையில் விரித்து வைப்பேன், பக்கத்தில் பென்சில் இருக்கும். யாருக்கு எந்த முகம் தெரிகிறதோ அந்த முகத்துக்கு நேரே பெயரை எழுதலாம். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுவோம், சொன்னவர் பெயரோடு. எழுதி முடித்த நகலில் ஒன்று உங்கள் வீட்டுக்கு, இன்னொன்று தீவின் தமிழ்ப்பள்ளி வாங்கிக்கொள்வதானால் அங்கே.

வர முடியாத அளவுக்குத் தளர்ந்துவிட்ட மாமா யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கோயில் மண்டபத்தில் என்னிடம் சொல்லுங்கள். திருவிழா முடிந்ததும் அவர் வீட்டுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
கேரி தீவில் பிறந்து கிள்ளானில் வாழும் உங்கள் வீட்டுப் பிள்ளை